யுஎஸ்பி வேலை செய்யவில்லையா? டிரைவரைத் தொடும் முன் இதைப் பாருங்கள்

யுஎஸ்பியில் எதையாவது சொருகி, கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை என்றால் நாம் எல்லாரும் நேராக டிரைவரைத்தான், அதாவது அந்தச் சாதனத்தை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருளைத்தான், தேடிப் போகிறோம். நானும் ஒரு பிரிண்டருக்காக இரண்டு நாள் டிரைவரை எடுப்பதும் போடுவதுமாக இருந்தேன், கடைசியில் கேபிளை மாற்றியதும் ஓடியது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

சொருகியதும் கம்ப்யூட்டர் அந்தச் சாதனத்திடம் ‘நீ யார்?’ என்று கேட்கும். அது தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் சொல்லும். அந்த எண்களை வைத்துத்தான் எந்த டிரைவர் வேண்டும் என்று விண்டோஸ் தேடும். அப்படியானால், பெயரையே சொல்லாத சாதனத்துக்கு எத்தனை டிரைவர் போட்டாலும் பலன் இல்லை, இல்லையா?

அது பெயர் சொன்னதா என்று பார்க்க, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரை (கம்ப்யூட்டரில் உள்ள சாதனங்களின் பட்டியல்) திறந்து வைத்துக்கொண்டு சாதனத்தை எடுத்து மறுபடி சொருகுங்கள். மஞ்சள் முக்கோணம் உள்ள வரியில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடீஸ். விஐடி, அதாவது தயாரிப்பாளர் எண், என்பதற்குப் பக்கத்தில் 0000 என்று இருந்தால், பெரும்பாலும் கோட் 43 என்ற பிழை எண்ணும் கூடவே இருக்கும், சாதனம் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். உண்மையான எண் இருந்து கோட் 28 காட்டினால் டிரைவர் இல்லை. பட்டியல் அசையவே இல்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் வர வேண்டும், ஏனென்றால் சில சார்ஜிங் கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பி மட்டுமே இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. சாதனத்தில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு மட்டும் எதுவும் தெரியாது.

கேபிளை மாற்றியும் சரியாகவில்லையா, ஹப்பை (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் பெட்டி) எடுத்துவிட்டு கேபினட்டின் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் சொருகுங்கள். முன்பக்க போர்ட் உள்ளே ஒரு ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது, அந்த ஒயர் தளர்ந்திருக்கலாம். பின்பக்க போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறது. மின்சாரமும் முக்கியம்: சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரை, 3.0 போர்ட் 900 வரை தரும். எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டு நின்றுவிட்டால் மின்சாரம் போதவில்லையோ என்று முதலில் பாருங்கள், 3.0 போர்ட்டிலும் அதே சத்தம் என்றால் டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கலாம்.

அப்புறம், ஷட் டவுன் செய்து பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். பவர் கேபிள் சொருகியிருக்கும்வரை மதர்போர்டில் கொஞ்சம் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், சிக்கிக்கொண்ட போர்ட் சில சமயம் இதிலேயே சரியாகிவிடும். இதற்கும் அசையாவிட்டால் வேறு கம்ப்யூட்டரில் சொருகுங்கள். அங்கும் பேசவில்லை என்றால் பழுது சாதனத்தில்தான்.

எண் சரியாக வருகிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் இப்போது டிரைவருக்கு வரலாம். அந்த வரியில் அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுங்கள், டிரைவரையும் நீக்கவா என்ற கட்டம் வந்தால் டிக் செய்யுங்கள், சாதனத்தை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. பிறகு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே டிரைவரை எடுங்கள். எல்லா டிரைவரையும் தானாகப் புதுப்பிக்கிறோம் என்று வரும் புரோகிராம்கள் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். பிரிண்டர் என்றால் கையேட்டைப் பாருங்கள், சிலவற்றுக்கு மென்பொருளை முதலில் போட்டுவிட்டுத்தான் கேபிளைச் சொருக வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகுதான் கெட்டது என்றால் ப்ராப்பர்ட்டீஸின் டிரைவர் டேபில் பழைய டிரைவருக்கே திரும்ப ரோல் பேக் இருக்கிறது.

பென் டிரைவ் டிவைஸ் மேனேஜரில் தெரிகிறது, திஸ் பிசியில் மட்டும் இல்லை என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அதற்கு ஒரு டிரைவ் எழுத்து (E:, F: மாதிரி) கொடுங்கள். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால், உள்ளே வேண்டிய ஃபைல் இருக்கும்வரை சரி சொல்லவே கூடாது.

அவ்வப்போது துண்டித்துத் துண்டித்து வருகிறதா, டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் என்ற வரியின் பவர் மேனேஜ்மென்ட் டேபில் மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். வயர்லெஸ் மவுஸ் மட்டும் திக்கினால் அதன் ரிசீவர் 3.0 ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், 3.0 வேலை செய்யும்போது, இந்த மவுஸ்கள் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ரிசீவரைத் தள்ளி வைத்தால் போதும்.