ஆணுறை கிழிந்தால் 72 மணி நேரம்

சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் ஆணுறையை பர்ஸில் வைத்துக்கொண்டு வேலை சைட்டுக்குப் போகாதீர்கள். வெயிலும் உட்கார்ந்து எழும் உரசலும் ரப்பரை நைத்துவிடும். டார்மிட்டரி லாக்கரில் இருக்கட்டும். தேங்காய் எண்ணெய், வாஸ்லின் பட்டால் லேடெக்ஸ் சில நிமிடங்களில் பலமிழக்கும்.

கிழிந்துவிட்டதா? கழுவினால் சரியாகாது. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே, டாக்டரிடம் எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் 'பெப்' மாத்திரை கேளுங்கள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். விலை கூடத்தான், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாளே எச்ஐவி டெஸ்ட் எடுத்து 'நெகட்டிவ்' என்று நிம்மதியாவது பலர் செய்யும் தப்பு. விரலில் குத்தி எடுக்கும் டெஸ்ட்டுக்கு 90 நாள் கழிய வேண்டும். பெப் சாப்பிட்டவர்களுக்கு டாக்டர் சொல்லும் தேதி. பெயரோ பெர்மிட் நம்பரோ கேட்காத டெஸ்ட்டும் சிங்கப்பூரில் உண்டு.

வொர்க் பெர்மிட் மெடிக்கலில் எச்ஐவியும் பார்ப்பார்கள். புதிதாக வருபவர்கள் ஏஜெண்டிடம் பணம் கட்டுமுன் ஊரிலேயே, அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்த்துவிடலாம்.