குடிநீர்த் திட்டத்துக்கு அரசு நிதி: பேரூராட்சிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊருக்குத் தண்ணீர் போதவில்லை என்ற பேச்சு வந்தாலே, மன்றக் கூட்டத்தில் முதலில் எழும் கோரிக்கை "இன்னொரு மேல்நிலைத் தொட்டி வேண்டும்" என்பதுதான். தொட்டி கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டும் வைக்கலாம். மண்ணுக்கடியில் ஒழுகும் குழாயை மாற்றினால் திறப்புவிழாவுக்கு யார் வருவார்கள்? தண்ணீர்க் கணக்கு போடாமலே கட்டுமானப் பட்டியல் தயாரிப்பதுதான் பெரிய தவறு.

20,000 பேர் வாழும் ஒரு பேரூராட்சியை எடுத்துக்கொள்வோம். நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் தேவை 27 லட்சம் லிட்டர். தினமும் 30 லட்சம் லிட்டர் ஏற்றுகிறோம், ஆனாலும் கடைக்கோடித் தெருக்களில் தண்ணீர் வரவில்லை. வழியில் 40 சதவீதம் வீணானால் வீடுகளுக்குப் போய்ச் சேர்வது 18 லட்சம்தான். ஆளுக்கு 90 லிட்டர். நகர்ப்புறங்களுக்கான மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டம், கணக்கில் வராத நீரை, அதாவது ஒழுகியோ கட்டணம் வசூலாகாமலோ போகும் நீரை, 20 சதவீதத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறது. அப்படிக் குறைத்தாலே, புதிய ஆதாரம் எதுவும் இல்லாமல் 120 லிட்டர் கிடைத்துவிடும். புதுத் தொட்டியால் ஒரு சொட்டுகூட அதிகரிக்காது.

சரி, 30 லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மோட்டார் ஓடிய நேரத்தை, பம்பின் தகட்டில் பொறித்திருக்கும் திறனால் பெருக்கியிருப்பார்கள். பழைய பம்ப் அந்த அளவுக்கு இறைக்காது. தொட்டியின் வெளியேற்று வால்வை மூடிவிட்டு, மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மட்டம் எவ்வளவு ஏறியது என்று அளந்து பாருங்கள். செலவே இல்லாத சோதனை. இதைச் செய்யாமல் விரிவான திட்ட அறிக்கைக்குப் போனால், தவறான எண்ணின் மேல் 30 ஆண்டுகளுக்கான வடிவமைப்பு எழும்பும். அதோடு, எந்தத் தெருவில் எந்தக் குழாய், வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்பது பல ஊர்களில் தண்ணீர் திறந்துவிடுபவருக்கு மட்டுமே தெரியும். அவர் ஓய்வு பெறுவதற்குள் வரைபடமாக்கிவிடுங்கள்.

தவறான கதவைத் தட்டுவதும் உண்டு. 2019இல் தொடங்கிய மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் கிராமங்களுக்கானது. அதன் அளவுகோல் நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சி என்பதால், 2021 அக்டோபரில் வந்த அம்ருத் 2.0தான் அதற்குரியது.

அப்புறம் பங்குத்தொகை. "மத்திய அரசு நிதி" என்றதும் முழுச் செலவும் வந்துவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊருக்கு அம்ருத் 2.0இல் மத்தியப் பங்கு பாதி. மீதி மாநிலமும் உள்ளாட்சியும் போட வேண்டியது. அந்தப் பாதியும் 20, 40, 40 சதவீதம் என மூன்று தவணைகளில்தான் வரும். 10 கோடி ரூபாய்த் திட்டம் என்றால் மத்திய அரசின் முதல் தவணை ஒரு கோடி. அதைச் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று அனுப்பாமல் இரண்டாவது நகராது. ஊரின் பங்கு எங்கிருந்து வரும் என்று மன்றத் தீர்மானத்திலேயே தெளிவாக இருக்கட்டும். தொட்டிக்கான இடம் பேரூராட்சியின் பெயரில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

குழாய் நெடுஞ்சாலையையோ ரயில் பாதையையோ கடந்தால், டெண்டர் விட்டபின் அனுமதி கேட்கலாம் என்று இருக்கக் கூடாது. குழாய்கள் சாலையோரம் அடுக்கியே கிடக்கும், விலையும் ஏறிவிடும்.

நீரின் தரத்தை மழைக்காலத்தில் மட்டும் சோதிப்பதும் ஆபத்து. நவம்பரில் நன்றாக இருக்கும் ஆழ்துளைக் கிணறு மே மாதத்தில் வேறு முகம் காட்டலாம். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்க ஏற்றதல்ல. இன்னும் ஆழமாகத் துளையிட்டால் சரியாகிவிடும் என்றும் நம்ப முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது இதனால்தான்.

கடைசியாக, மின்கட்டணம். நிதி வருவது கட்டுவதற்கு. மோட்டாரை ஓட்டுவது ஊரின் செலவு. புதிய பம்புகளுக்கு மாதம் எவ்வளவு மின்கட்டணம், குளோரின் எவ்வளவு, ஆட்கள் எத்தனை பேர் என்று கணக்கிட்டு, இப்போதைய குடிநீர்க் கட்டண வசூலோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். துண்டு விழுந்தால், கட்டண உயர்வையும் நிலுவை வசூலையும் திட்டம் அனுப்புவதற்கு முன்பே மன்றத்தில் பேசிவிடுங்கள்.