கூடவா, பதிலாகவா? புற்றுநோய்ச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முறை

யார் எந்த வைத்தியத்தைச் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது: இது டாக்டர் தரும் சிகிச்சையோடு கூடவா, அதற்குப் பதிலாகவா? கீமோவோடு (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) யோகா செய்தால் அது துணைச் சிகிச்சை. கீமோவை விட்டுவிட்டு யோகாவை மட்டும் நம்பினால் மாற்றுச் சிகிச்சை. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நோய் உடலில் பரவாத நிலையிலேயே மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்தவர்களின் இறப்பு அபாயம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால், சுமார் 2.5 மடங்காக இருந்தது. மார்பகப் புற்றில் 5 மடங்குக்கும் மேல்.

டாக்டரிடம் கேளுங்கள்: நோய் எந்த நிலையில் இருக்கிறது? சிகிச்சை குணமாக்கவா, கட்டுப்படுத்தவா? "அபாயம் பாதியாகும்" என்றால், 100 பேரில் 40 பேர் 20 ஆவதா, 4 பேர் 2 ஆவதா? இரண்டும் பாதிதான்! வேறொரு டாக்டரிடம் இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. பயாப்சி (சதைத் துணுக்குச் சோதனை) ஸ்லைடு, அந்தத் துணுக்கை மெழுகில் பதித்த பிளாக், ஸ்கேன் சிடி எல்லாம் வேண்டும். அதற்கு எத்தனை நாள் தாமதிக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தீவிர ரத்தப் புற்றில் சில நாள் தள்ளிப்போடுவதுகூட ஆபத்தாகலாம்.

குமட்டலுக்கு அக்குபஞ்சர், சோர்வுக்கு உடற்பயிற்சியும் யோகாவும் பலருக்கு உதவுகின்றன. கட்டியை அவை கரைக்காது.

சிக்கல் பெரும்பாலும் வாய்வழி எடுப்பவற்றில்தான். "மூலிகைதானே" என்பது தவறான ஆறுதல். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தே நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதான். மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை கல்லீரல் நொதிகளைத் தூண்டி, இரினோடெகான், இமாடினிப் போன்ற புற்றுநோய் மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, ஆரஞ்சு இனப் பழம்) பழச்சாறு சில மருந்துகளின் அளவை நேர்மாறாக ஏற்றிவிடும். சமையலில் போடும் மஞ்சள் வேறு, குர்குமின் மாத்திரை வேறு. பின்னது கல்லீரலைப் பாதித்ததுண்டு, ரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தலாம். அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே மூலிகை மாத்திரைகளை நிறுத்தச் சொல்வது இதனால்தான். எடுப்பது எதுவானாலும் டப்பாவையே டாக்டரிடம் காட்டுங்கள். பெயரே இல்லாத பொடி என்றால் தொடாதீர்கள். ஈயமோ பாதரசமோ கலந்திருந்தாலும் தெரியாது.

எல்லாப் புற்றுக்கும் ஒரே மருந்து, பக்கவிளைவே இல்லை, கீமோவை நிறுத்தினால்தான் வேலை செய்யும் என்பவரிடமிருந்து விலகுங்கள். ஆதாரமாகக் காட்டப்படும் நோயாளிக்குப் பயாப்சி செய்யப்பட்டதா, முன்பே அறுவைச் சிகிச்சை முடிந்திருந்ததா என்று விசாரியுங்கள். ஆப்ரிகாட் கொட்டையில் உள்ள பொருளிலிருந்து செய்து புற்றுநோய் மருந்தாக விற்கப்பட்ட லேட்ரைலை 1982இல் 178 நோயாளிகளிடம் சோதித்தபோது பலன் இல்லை. சிலரின் ரத்தத்தில் சயனைடு ஏறியிருந்தது.

ஏற்கெனவே சிகிச்சையை நிறுத்தியவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். நிறுத்திய தேதியையும் இடையில் சாப்பிட்டதையும் எழுதிக்கொண்டு போங்கள். பழைய ஸ்கேனை வைத்துத் திட்டமிட முடியாததால் புதிதாக எடுக்கச் சொல்லக்கூடும்.