பைபோலார்: அவசரத்தில் கைகொடுக்காத மருத்துவக் கோப்புகள்

பைபோலார், அதாவது மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் மனநோய், உள்ள பலருடைய வீட்டில் மருத்துவக் கோப்பு ஒன்று கட்டாயம் இருக்கும், அதுவும் தடிமனாகவே. முதன்முதலில் மருத்துவரைப் பார்த்த நாளின் சீட்டிலிருந்து போன மாத ரத்தப் பரிசோதனை வரை எல்லாம் அதற்குள் கிடக்கும். சிக்கல் என்னவென்றால், எது எங்கே இருக்கிறது, எது இப்போது நடப்பில் இருக்கிறது என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவசரம் என்று வரும்போது பேச முடியாமலோ பேச விரும்பாமலோ இருக்கப்போகிறவரும் அவரேதான்.

மேனியாவின், அதாவது அந்த அளவுமீறிய உற்சாகக் கட்டத்தின், உச்சத்தில் இருப்பவர், "எனக்கு ஒன்றுமே இல்லை, மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை" என்று யாரும் நம்பும்படி சொல்வார். ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவருக்குப் பதில் சொல்லவே தெம்பிருக்காது. இந்த நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்து ரத்தத்தில் ஏறிப்போனால் நாக்குக் குழறும், மனம் குழம்பும். ஆக, அந்தக் கோப்பைப் படிக்கப்போவது நம்மை முன்பின் அறியாத ஒரு டியூட்டி டாக்டர். அவருக்கு நேரமும் இருக்காது. பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால் வருபவை.

எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுப்பது

நாற்பது தாளைக் கையில் திணித்தால் யாரும் படிக்கமாட்டார்கள். கோப்பின் முன்னால் ஒரே ஒரு தாள் போதும். பெயர், வயது, என்ன நோய், இப்போது எடுக்கும் மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், மற்ற உடல் நோய்கள், கடைசி ரத்தப் பரிசோதனையின் முக்கிய எண்கள், மனநல மருத்துவரின் எண், கூப்பிட வேண்டிய இருவரின் எண். மேலே தேதி. மற்றதெல்லாம் பின்னால் இருக்கட்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம்.

மருந்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வது

அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். அட்டையில் பெரிதாக அச்சாகியிருக்கும் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதி வைப்பார்கள். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் விற்கிறது. வேறு ஊர் மருத்துவருக்கு அந்தப் பெயர் தெரியாமல் போகலாம். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும்: லித்தியம், வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின், க்வெட்டியாபின் என்று. கூடவே எத்தனை மில்லிகிராம், எந்த வேளைக்கு, சாதா மாத்திரையா மெதுவாகக் கரையும் வகையா என்பதும் வேண்டும். நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி போடுபவர் என்றால் கடைசி ஊசி போட்ட தேதி இல்லாமல் அந்தக் குறிப்புக்கு அர்த்தமே இல்லை.

கடைசி டோஸ் எப்போது என்பதையும் பலர் பொருட்படுத்துவதில்லை. லாமோட்ரிஜினை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 5 நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸிலேயே திரும்பத் தொடங்கக் கூடாது. குறைந்த அளவிலிருந்து படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரும் வாய்ப்பு கூடும். தாளில் இருக்கிற அளவைப் பார்த்து ஒருவர் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டால்? அதனால், நோயாளி சில நாட்களாக மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தாலோ, சந்தேகம் இருந்தாலோகூட, கூட வந்தவர் அதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். வீட்டு விஷயம் வெளியே போகிறதே என்று தயங்கும் இடமல்ல இது.

லித்தியத்துக்கும் இதே கதைதான். தொடர் சிகிச்சையில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது பொதுவான இலக்கு, 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தொடங்கலாம். இடைவெளி எவ்வளவு சிறியது பாருங்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்துக்குத்தான் இந்த எண்கள் பொருந்தும். ஆகவே எண்ணோடு தேதியையும், மாத்திரைக்குப் பிறகு எத்தனை மணி நேரத்தில் எடுத்தது என்பதையும் குறித்து வையுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எண்ணும், தைராய்டு எண்களும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நின்றுபோன மருந்துகளை அடித்துவிடுவது

இப்போது எடுக்கவில்லையே, எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றும். ஆனால் மனச்சோர்வுக்கான மாத்திரை ஒன்றைத் தொடங்கியதும் மேனியா வந்தது, ஹாலோபெரிடால் ஊசிக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, இந்த மாத்திரைக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தது என்பதெல்லாம் அவசரப் பிரிவு மருத்துவருக்குத் தங்கமான தகவல். "ஒத்துக்கொள்ளவில்லை" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயன் குறைவு. என்ன ஆனது என்று இரண்டு சொல்லாவது எழுதுங்கள். நன்றாக வேலை செய்த மருந்தையும் எழுதலாம்; அதை ஏனோ யாரும் எழுதுவதே இல்லை.

மனநலக் கோப்பைத் தனியே ஒளித்து வைப்பது

சர்க்கரை, ரத்த அழுத்தச் சீட்டுகள் ஒரு பையில். மனநல மருத்துவரின் சீட்டு அலமாரியின் அடியில். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பல்வலிக்குப் போகும்போது இதை எதற்குச் சொல்வது என்ற கூச்சம். ஆனால் பைபோலார் உள்ளவருக்கு வரும் அவசரமெல்லாம் மனம் சார்ந்ததாகவே இருக்காது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும், சிலவகை ரத்த அழுத்த மருந்துகளும், சிறுநீர் பிரியக் கொடுக்கும் சில மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். கடும் வாந்திபேதியில் உடம்பு நீர் வற்றினாலும் அதுவே நடக்கும். மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு சிலருக்கு மேனியாவைத் தூண்டக்கூடும். அறுவைசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பவருக்கும் லித்தியம் பற்றித் தெரிய வேண்டும். வால்ப்ரோயேட் எடுக்கும் பெண் கருவுற்றிருக்கலாம் என்றால் அதுவும் உடனே மருத்துவருக்குத் தெரிய வேண்டிய விஷயம். அதற்காகப் பயந்து தானாகவே மாத்திரையை நிறுத்துவது வேறொரு ஆபத்து. ஒரே உடம்பு, ஒரே தாள். அவ்வளவுதான்.

"எல்லாம் போனில் இருக்கிறது"

போன் பூட்டியிருக்கும். சார்ஜ் இருக்காது. மேனியாவில் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார், அல்லது போனையே யாரிடமாவது கொடுத்திருப்பார். ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசர மருத்துவத் தகவல் பகுதி இருக்கிறது. அதை நிரப்பி வைக்கலாம். அது யார் கண்ணிலும் படலாமே என்ற கவலை நியாயமானது. நோயின் பெயரை விட்டுவிட்டு மருந்துகளின் பெயரையும் ஒரு தொடர்பு எண்ணையும் மட்டும் போட்டாலும் மருத்துவர் புரிந்துகொள்வார். எப்படியானாலும் பர்ஸில் ஒரு காகிதப் பிரதி, நம்பகமான இன்னொருவரிடம் ஒன்று இருக்க வேண்டும்.

நன்றாக இருக்கும் நாளில் பேசி வைக்காதது

யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மருத்துவமனை, எந்தத் தகவலை யாரிடம் சொல்லலாம் என்பதை நோயாளியேதான் தெளிவாக இருக்கும்போது முடிவு செய்ய வேண்டும். அவருக்கே உரிய முன்னறிகுறிகளையும் அவர் சொற்களிலேயே எழுதட்டும்: தூக்கம் குறைந்தும் களைப்பு தெரியாதது, கடன் வாங்கத் தொடங்குவது என்று எதுவானாலும். பல நாடுகளில் மனநல சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கென்று முறை இருப்பதால் மருத்துவரிடம் கேட்டுச் செய்வது நல்லது. தொடர்பு எண்ணுக்கு நெருங்கிய உறவைவிட, இரவில் போனை எடுக்கும் ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. இந்தத் தாளை வீட்டுச் சண்டையில் ஆயுதமாக எடுக்காதீர்கள். "பார், நீயே எழுதியிருக்கிறாய்" என்று ஒருமுறை நீட்டினால் அடுத்த முறை அவர் எதையும் உண்மையாக எழுதமாட்டார்.

தற்கொலை முயற்சியை மறைப்பது

முன்பு நடந்திருந்தால் எழுதத்தான் வேண்டும். எவ்வளவு மாத்திரை கையிருப்பில் இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்பதும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அளவுக்கு மீறி விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்க வேண்டாம். மெதுவாகக் கரையும் லித்தியத்தின் பாதிப்பு நேரம் கழித்தே தெரியலாம். காலி அட்டைகளை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

அப்புறம், சீட்டு மாறிய அன்றே தாளையும் மாற்றுங்கள். பர்ஸில் இருப்பது, உறவினரிடம் இருப்பது, போனில் இருப்பது எல்லாவற்றையும் சேர்த்துத்தான். பழையதைக் கிழித்துப் போடுங்கள்.