மாரியில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் நம்மில் பலர் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஆடி, ஆவணியில்தான் போகிறோம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. ஆனால் அந்த நாட்களில் வயல்வெளி காய்ந்து வெடித்துக் கிடக்கும், கிணற்றில் தண்ணீர் அடியில் நிற்கும். ஊர் வேலை செய்வதைப் பார்க்க விரும்பினால் ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழி முடிவதற்குள் ஒருமுறை போய் வாருங்கள். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று ஓய்ந்து, வடக்கிலிருந்து வாடைக் காற்று வீசத் தொடங்கி, வருடத்து மழையில் பெரும்பங்கு கொட்டித் தீர்க்கும் காலம் அது.

போகும் திகதியை முன்கூட்டியே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். திடீரென்று போய் நின்று சந்தோஷப்படுத்துவது கோடையில் சரி, மாரியில் சரிவராது. ஒரு கார்த்திகையில் நாங்கள் சொல்லாமல் போய் இறங்கினோம். பெரியம்மா வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட, முழங்கால் வரை சேற்றோடு, தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். கிணற்றடியில் கால் கழுவிய கையோடு அடுப்பை மூட்டிவிட்டார். அன்று கூலிக்கு வந்த பெண்கள் மூன்று பேரும் அவர் இல்லாமல்தான் மிச்ச வயலை முடித்தார்கள். இப்போதெல்லாம் ஒரு மாதம் முந்தியே சொல்லிவிடுகிறோம். 'அந்தக் கிழமை களையெடுப்பு, அடுத்த கிழமை வாங்கோ' என்று அவரே நாள் சொல்வார்.

குடாநாட்டில் நெல் பெரும்பாலும் வானம் பார்த்த பயிர்தான். புரட்டாதி, ஐப்பசியில் விதைப்பு, கார்த்திகையில் களையும் பசளையும், மார்கழியில் கதிர் பயிருக்குள் திரளும் குடலைப் பருவம், தையில் அரிவு வெட்டு. ஆகவே கார்த்திகையில் போனால் முழுப் பச்சையைப் பார்க்கலாம். வரம்பில் நடக்கும்போது சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடப்பது நல்லது. சப்பாத்து வழுக்கும், வரம்பும் உடையும். வலிகாமத்துச் செம்பாட்டு மண் வெள்ளைத் துணியில் பட்டால் போகவே போகாது, பிள்ளைகளுக்குக் கருநிற உடுப்பாகக் கொண்டுபோங்கள்.

திருக்கார்த்திகை விளக்கீடு அன்று ஊரில் நிற்க முடிந்தால் கட்டாயம் நில்லுங்கள். படலையடியில் வாழைக்குற்றி நட்டு அதன் மேல் விளக்கு ஏற்றுவார்கள். தடிகளில் துணியைச் சுற்றி எண்ணெயில் தோய்த்துப் பந்தம் செய்து, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், தோட்டம் என்று வளவெங்கும் குத்துவார்கள். கோயிலில் சொக்கப்பனை எரியும். பந்தம் சுற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். மழை தூறினால் எந்தப் பந்தம் கடைசி வரை நிற்கிறது என்று அவர்களே ஓடி ஓடிப் பார்ப்பார்கள்.

சாப்பாட்டு விடயத்தில் ஒன்று. இந்தக் காலம் விரதக் காலமும்கூட. கேதாரகௌரி, கந்தசஷ்டி, பிறகு பிள்ளையார் பெருங்கதை 21 நாள், மார்கழியில் திருவெம்பாவை 10 நாள். எந்த வீட்டில் யார் என்ன விரதம் என்று கேட்காமல் சந்தையில் மீனோ இறைச்சியோ வாங்கிக்கொண்டு போகாதீர்கள். காற்று எழும்பினால் வள்ளங்கள் கடலுக்குப் போகாது, மீன் விலையும் ஏறிவிடும். பனங்கிழங்கு ஆசையோடு கார்த்திகையில் போனால் ஏமாற்றம்தான், அது மார்கழிக் கடைசியிலும் தையிலும்தான் பாத்தியிலிருந்து வெளியே வரும். போன வருடம் கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் ஏதாவதொரு பேணியில் கட்டாயம் இருக்கும். தேங்காய்ச் சொட்டோடு கடித்துக்கொண்டு மழையைப் பார்த்திருக்கலாம்.

உடம்பைக் கவனியுங்கள். மாரியில் கிணறு நிரம்பித் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடும், மலசலகூடக் குழிகளின் ஊறலும் அதோடு கலக்கக்கூடும். கொதித்தாறிய தண்ணீரையே குடியுங்கள். டெங்கு இந்த மாதங்களில்தான் கூடும், பகலிலும் நுளம்புக்குப் பூசுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் 2024 டிசம்பரில் பரவி யாழ்ப்பாணத்தில் சில உயிர்கள் போயின. காலில் புண் இருந்தால் வயல் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். வந்த பிறகு காய்ச்சல் என்றால், எங்கே நின்றீர்கள் என்பதை உங்கள் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வயல் வேலைக் காலத்தில் பாம்புக்கடியும் அதிகம். இரவில் முற்றத்துக்கு இறங்கினாலும் கையில் ரோச் லைட் வேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தை வீணாக்காமல் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

2008இல் நிஷா, 2020இல் புரெவி, 2025இல் டித்வா. மூன்று புயல்களும் நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் தொடக்கத்துக்கும் நடுவில்தான் வந்தன. அந்த நாட்களில் திரும்பும் விமானம் இருந்தால், இரண்டு நாள் முன்னதாகவே கட்டுநாயக்கா விமான நிலையப் பக்கம் வந்துவிடுங்கள். வெள்ளம் வந்தால் பாதையும் ரயிலும் ஒன்றாகவே நின்றுவிடும். நெடுந்தீவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் குறிகாட்டுவான் இறங்குதுறையில் அன்று படகு ஓடுகிறதா என்று காலையிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நவம்பர் 21 முதல் 27 வரை, போரில் இறந்த போராளிகளை நினைவுகூரும் மாவீரர் வாரம். யாரையும் கேட்காமல் கமராவைத் தூக்காதீர்கள். அந்த வாரத்தில் பல வீடுகளில் பேச்சே குறைந்துவிடும்.

என்ன வாங்கிக்கொண்டு போவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது மெல்லிய கம்பளிக் காலுறையும் கைவைத்த சுவெற்றரும்தான். கனடாவில் இருந்து போகும் நமக்கு மார்கழிப் பனி குளிராகவே தெரியாது. ஆனால் ஊரில் வயதானவர்கள் காதைத் துவாயால் கட்டிக்கொண்டு நடுங்குவார்கள். திருவெம்பாவை நாட்களில் விடியுமுன்னே சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் வரும், அந்தச் சத்தத்தோடு அவர்களும் எழும்பிக் கோயிலுக்குப் போவார்கள். சாம்பல் நிறக் காலுறை ஒன்றைப் பெரியம்மாவுக்குக் கொடுத்திருந்தேன். கோயில் வாசலில் அதைக் கழற்றி மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு உள்ளே போகிறார்.