நில எடுப்பு அறிவிப்பு வந்தால் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் சிப்காட் தொழிற்பூங்கா போன்ற திட்டங்களுக்காகப் பட்டா நிலத்தை அரசு எடுக்க முற்படும்போது, நில உடைமையாளரின் கைக்கு வரும் முதல் காகிதம் பெரும்பாலும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் என்னும் மாநிலச் சட்டத்தின் 3(2) பிரிவின் கீழ் அனுப்பப்படும் அறிவிப்பாகவே இருக்கும். "இந்நிலத்தை ஏன் எடுக்கக்கூடாது என்பதற்குக் காரணம் காட்டுக" என்று கேட்கும் அந்தக் காகிதத்தைப் பலர் ஏதோ வழக்கமான கடிதம் என்று எண்ணி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இந்தச் சட்டத்தில் நிலத்தைக் காப்பாற்றுவதற்குத் தரப்படும் முறையான வாய்ப்பு அது ஒன்றே என்பதால், அதை எவ்வாறு பயன்படுத்துவது என்பதையே இங்கு முதன்மையாக எழுதுகிறேன்.

எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுக்கப்படுகிறது என்பதை அறிவிப்பின் தலைப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு. ஆட்சேபணைக்கு 60 நாள் அவகாசம் உண்டு. தனியார் நிறுவனத்துக்காக எடுப்பதென்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் ஒப்புதலும் வேண்டும். மாநிலச் சட்டத்தில் இவை எதுவும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் இந்த மாநிலச் சட்டம் செல்லாது என்று கூறியது. அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அப்படி உயிர் கொடுத்தது செல்லும் என்று உறுதி செய்தது. ஆகவே "மத்தியச் சட்டப்படி எங்கள் ஒப்புதல் வேண்டும்" என்ற வாதத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது.

இன்னொரு வேறுபாடு இதைவிடக் கடுமையானது. மத்தியச் சட்டப்படி இழப்பீடு கொடுத்த பிறகே நிலம் கைமாற வேண்டும். மாநிலச் சட்டப்படியோ, 3(1) பிரிவின் கீழ் அரசிதழில் அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே நிலம் வில்லங்கமின்றி அரசுக்குச் சொந்தமாகிவிடுகிறது. நீங்கள் வரப்பில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருந்தாலும், உரிமை அன்றைக்கே போய்விடும். அரசிதழுக்கு முன்னால் நீங்கள் எழுதும் ஆட்சேபணைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அறிவிப்பைப் பெற்ற தேதியை அதன் மேலேயே எழுதிவைத்து, அதில் குறித்துள்ள கெடுவுக்குள் ஆட்சேபணையை நில எடுப்புக்கென அமர்த்தப்பட்ட தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெறுங்கள். அதே மனுவை, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஊர் முழுவதற்கும் ஒரே அச்சடித்த மனுவில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஊர் மனு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தம் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தனி மனுவும் கொடுக்க வேண்டும். "நிலத்தைத் தர மாட்டோம்" என்ற ஒரு வரி நீதிமன்றத்தில் நிற்காது. எத்தனை போகம் விளைகிறது, எந்த ஏரியிலிருந்து நீர் பாய்கிறது, கிணறும் மின் இணைப்பும் எந்த ஆண்டிலிருந்து உள்ளன, குடும்பத்துக்கு வேறு நிலம் உண்டா, அருகிலேயே பயன்படுத்தப்படாத தொழிற்பேட்டை மனைகளோ தரிசோ இருக்கின்றனவா என்பவற்றை ஆதாரத்துடன் எழுதுங்கள். இந்த ஆதாரங்களில் சிலவற்றை 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். பதிலுக்கு 30 நாள் ஆகலாம் என்பதால், திட்டம் பற்றிய பேச்சு எழும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

காரணங்களோடு எழுதிய மனு எதற்குப் பயன்படும் என்பதைச் சிங்கூர் வழக்கு காட்டுகிறது. மேற்கு வங்கத்தில் 2006இல் கார்த் தொழிற்சாலைக்காக ஏறத்தாழ 1,000 ஏக்கர் எடுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2016 ஆகஸ்ட் 31 அன்று அந்த எடுப்பை ரத்து செய்து நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னது. அது பொது நோக்கந்தானா என்பதில் இரு நீதிபதிகளும் வேறுபட்டார்கள்; ஆனால் விவசாயிகளின் ஆட்சேபணைகள் மனம் செலுத்திப் பரிசீலிக்கப்படவில்லை என்பதில் ஒன்றுபட்டார்கள். அறிவிப்புப் பெறுவதும், தம் தரப்பு கேட்கப்படுவதும், காரணம் காட்டிய முடிவைப் பெறுவதும் சொத்துரிமையின் பகுதிகள் என்று 2024 மே மாதத்தில் அதே நீதிமன்றம் மீண்டும் கூறியிருக்கிறது. எனவே விசாரணை நாளில் தவறாமல் நேரில் செல்லுங்கள். நீங்கள் சொன்னது பதிவாகியிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். உங்கள் காரணங்களுக்குப் பதிலே சொல்லாமல் நிராகரித்திருந்தால், அந்த உத்தரவின் நகலுடன் தாமதமின்றி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்ய வழக்கறிஞரை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் வேண்டியவையே. இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே பட்டா இருந்தாலோ, கூட்டுப் பட்டாவில் பாகப் பிரச்சினை இருந்தாலோ, இழப்பீட்டுத் தொகை நீதிமன்றத்தில் செலுத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் முடங்கிப்போகலாம். வாரிசுச் சான்று பெற்றுப் பெயர் மாற்றிவிடுங்கள். பங்காளிச் சண்டை இருந்தால் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நிலம் போவது தவிர்க்க முடியாதது என்ற நிலை வந்தால், இழப்பீட்டை மத்தியச் சட்டத்தின் கணக்குப்படியே கேட்க வேண்டும். மாநிலச் சட்டத்தின் கீழ் எடுத்தாலும் அந்தக் கணக்கு பொருந்தும். பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயித்துள்ள வழிகாட்டி மதிப்பு ஒருபுறம். சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் விலை உயர்ந்த பாதியின் சராசரி மறுபுறம். இவற்றில் அதிகமானதை எடுத்து, கிராமப்புறமானால் அரசு அறிவித்துள்ள பெருக்கு எண்ணால் பெருக்கி, மரம், கிணறு, வீடு ஆகியவற்றின் மதிப்பைச் சேர்த்து, அந்த மொத்தத்துக்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகக் கூட்டுவார்கள். முத்திரைக் கட்டணத்தைக் குறைப்பதற்காகக் கிரயத்தைக் குறைத்துக் காட்டும் பழக்கம் இந்த இடத்தில்தான் ஊரையே பாதிக்கிறது, ஏனெனில் பத்திரத்தில் எழுதிய விலையே கணக்கில் வருகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் உயர்ந்த விலைப் பத்திரங்களின் சான்றிட்ட நகல்களை நீங்களே தேடி எடுத்துக் கொடுங்கள். மரங்களை எண்ணும்போது உடனிருந்து, தேதியுடன் படம் எடுத்துவையுங்கள்.

சொந்த நிலம் இல்லாதவர்களையும் மறக்கலாகாது. மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் விவசாயக் கூலிகளும் குத்தகைதாரர்களும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே. மத்தியச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள வேலை அல்லது 5 லட்சம் ரூபாய் அல்லது 20 ஆண்டுகளுக்கு மாத உதவித்தொகை என்ற உரிமையை அவர்கள் கேட்கலாம். அவர்கள் பெயர் கணக்கெடுப்பில் ஏறியிருக்கிறதா என்று நில உடைமையாளர்களே கவனிக்க வேண்டும், ஏனென்றால் அலுவலகத்தில் அவர்களுக்காகப் பேச வேறு ஆள் இருப்பதில்லை.

விலையை ஒப்பந்தமாகப் பேசி முடிக்க அழைத்தால், கையெழுத்திட்ட பிறகு கூடுதல் கேட்டு நீதிமன்றம் செல்லும் வழி அடைபட்டுவிடும் என்பதை அறிந்து முடிவெடுங்கள். உடன்பாடின்றித் தீர்மானிக்கப்பட்ட தொகையை வாங்கும்போது, "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று ரசீதிலேயே உங்கள் கைப்பட எழுதி, அதன் நகலை வாங்கிக்கொண்டு, உத்தரவில் சொல்லியுள்ள கெடுவுக்குள் கூடுதல் இழப்பீட்டு மனுவைக் கொடுத்துவிடுங்கள்.