காதிரைச்சலை மூழ்கடிக்காதீர்கள்: ஒலிப் பயிற்சியில் நேரும் தவறுகள்

மார்கழிக் குளிருக்கு ஃபேனை நிறுத்திவிட்டுப் படுக்கும் இரவில்தான் பலருக்கு அது முதன்முதலாகக் கேட்கும். காதுக்குள் 'ஙொய்ங்' என்று ஓயாத ஒரு சத்தம். எழுந்து ஃபேனைப் போட்டால் கொஞ்சம் அடங்கும். காதிரைச்சலுக்கான ஒலிப் பயிற்சியின் சூட்சுமமே அந்த ஃபேன் சத்தத்தில்தான் இருக்கிறது.

ஆனால் நம்மில் பலர் அதோடு நிறுத்துவதில்லை. இயர்போனை மாட்டி, மழைச் சத்தத்தை வைத்து, இரைச்சல் சுத்தமாக மறையும்வரை வால்யூமை ஏற்றிவிடுகிறோம். அந்த நேரத்துக்கு நிம்மதிதான். கழற்றியதும் இரைச்சல் பழையபடி வந்துவிடும். பக்கத்து வீட்டில் மாவு மில் இருந்தால் ஒரு மாதத்தில் அந்தச் சத்தம் நமக்குப் பழகிவிடும். தினமும் ஒலிபெருக்கி வைத்து அதை அமுக்கினால் எப்போது பழகுவது? 1990இல் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் காதிரைச்சலுக்கு முன்வைத்த விளக்கத்திலிருந்து வளர்ந்த பயிற்சி, இந்தப் பழக்கத்தைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் வெளிச்சத்தம் இரைச்சலைவிடச் சற்றுக் குறைவாக, இரண்டும் தனித்தனியாகக் காதில் விழும்படி இருக்க வேண்டும். வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகும்போது இரைச்சல் மங்கத் தொடங்கினால், ஒரு படி குறைத்து அங்கேயே விடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு, இரைச்சலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வது. வெளிச்சத்தம் குறையக் குறைய, மூளை உள்ளிருக்கும் சத்தத்தைத் தேடிப் பிடிக்கிறது. நாளடைவில் பாத்திரம் வைக்கும் ஒலிகூடத் தாங்காமல் போகலாம்.

ஹியரிங் எய்டை மறுப்பதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு. காதிரைச்சல் உள்ளவர்களில் பலருக்குக் காது கேட்கும் திறனும் குறைந்திருக்கும். ஆடியோகிராம் என்கிற கேட்கும் திறன் பரிசோதனை எடுத்து, தேவையென்றால் கருவியைப் போட்டாலே, அதுவரை கேட்காதிருந்த அன்றாட ஒலிகள் பயிற்சியின் வேலையில் பாதியைச் செய்துவிடும். வயதானவர்களுக்கு மட்டும்தான் அது என்ற கூச்சம் வேண்டாம்.

அப்புறம், மெல்லிய சத்தம் தரும் ஒலிக்கருவி மட்டும் போதும் என்று கவுன்சலிங்கைத் தவிர்க்காதீர்கள். அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 151 பேரை 18 மாதம் கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், உண்மையான ஒலிக்கருவிக்கும் வெறும் போலிக் கருவிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கவுன்சலிங் பெற்ற எல்லாக் குழுக்களிலும் பலருக்கு முன்னேற்றம் இருந்தது. எனவே "நிச்சயம் குணமாகும்" என்று விலை உயர்ந்த கருவியை விற்பவரிடம் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். மனத்தவிப்பைக் குறைப்பதில் சிபிடி என்கிற உளவியல் சிகிச்சைக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது.

தினமும் காலையில் "இன்று குறைந்திருக்கிறதா?" என்று காது கொடுத்துப் பார்ப்பதையும் விடுங்கள். பழகுவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்டாலோ, ஒலிப் பயிற்சிக்கு முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றே போக வேண்டும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையில் ஒவ்வொரு நாளும் முக்கியம்.